வட்டி கட்டிய தலைமுறைகள், மதிப்பெண் இல்லாத பேரப்பிள்ளைகள்

அருப்புக்கோட்டையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், முதல் கேள்வி முன்பணத்தைப் பற்றி வராது. "சொந்த ஊர் எது தம்பி?" என்றுதான் வரும். திருச்சுழிப் பக்கம் என்று சொன்னால், "அங்க எந்தத் தெரு?" என்பது அடுத்த கேள்வி. தெருவின் பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரருக்குத் திடீரென்று ஒரு மருமகன் நினைவுக்கு வருவார். அந்த வீட்டுக்கு அடுத்த மாதம் அவர்தான் குடிவரப் போகிறாராம்.

எங்கள் தோழர் ஒருவர், அரசுப் பள்ளி ஆசிரியர், இப்படி ஆறேழு மருமகன்களைக் கேள்விப்பட்ட பிறகு சொந்தமாகவே வீடு கட்டிவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு வங்கிக்குப் போனார். சம்பளச் சான்று, வருமான வரி, அடையாள அட்டை எல்லாம் சரி. மேலாளர் கணினித் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிபில் 612 காட்டுது சார். கஷ்டம்."

1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தான வேலைக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பெயரை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கி, அங்கிருந்தும் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். பணத்தைப் பற்றி ஆராய்ந்து 1923இல் 'ரூபாயின் சிக்கல்' என்ற நூலை வெளியிட்ட மனிதர் அவர். பட்டமும் வேலையும் இருந்தும் கூரை கிடைக்காத கதை நமக்குப் புதிதில்லை. நம் தோழரின் கதையில் புதிதாக இருந்தது அந்த 612தான். தெருப் பெயர் கேட்காத, சாதி கேட்காத ஒரு எண். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனோம்.

*

பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்த வானம் பார்த்த பூமியில் கடன் என்பது எப்போதும் இருந்தது. மழை பொய்த்தால் கடன், கலியாணம் என்றால் கடன், சாவு என்றால் கடன். கரிசலில் பருத்தியும் கம்பும் விதைத்தவனுக்கு நிலத்தின் பேரில் கடன் கிடைத்தது. நிலமில்லாத நம் பாட்டன்களுக்கு உடம்பின் பேரில் கிடைத்தது. பண்ணையில் சேரும்போது வாங்கிய முன்பணம், கூலியில் கழிந்துகொண்டே இருக்கும், ஆனால் தீராது. கணக்கு நோட்டு கொடுத்தவர் வீட்டில் இருந்தது. நம்மிடம் இருந்தது பெருவிரல் மட்டுமே.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நோட்டில் கடனாளியின் ஒழுங்கு பதிவாகவே இல்லை. முப்பது ஆண்டுகள் ஒருவர் தவறாமல் உழைத்துக் கழித்தார் என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. ஒருநாள் வராமல் போனால் மட்டும் அது ஊருக்கே தெரியும். கட்டியது மறைந்துபோகும், தவறியது நிற்கும் என்ற இந்த ஏற்பாடு 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் முழுதாகப் போகவில்லை. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலையில், செங்கல் சூளையில், பஞ்சாலைக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பும்போது, இன்றும் அதே சொல்தான்: முன்பணம்.

இதே மண்ணில் வேறொரு வரலாறும் நடந்தது. நம் இளைஞர்கள் அதைப் படிக்க வேண்டும். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் வணிகத்தால் எழுந்த நாடார்கள், கோயிலுக்குள் நுழையத் தடுக்கப்பட்டவர்கள். 1897இல் கமுதிக் கோயிலில் நுழைந்ததற்காக வழக்கு. அது பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. கோயில் கதவு திறக்காதபோது அவர்கள் பேட்டையை வலுப்படுத்தினார்கள். உறவின்முறை ஒவ்வொரு சரக்கின் மீதும் மகமை வசூலித்தது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் வந்தது. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை 1889இலேயே தொடங்கிவிட்டது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. 1962இல் பெயர் மாறி இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக இருப்பது அதுதான். ஒரு வியாபாரி கடன் கேட்டால் அவர் நாணயமானவரா என்று சொல்ல அங்கே உறவின்முறை இருந்தது. சிபில் வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் தங்களுக்கென்று ஒரு சிபிலை உருவாக்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

"அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு, அருப்புக்கோட்டை டீக்கடைகளில் நிறையவே உண்டு. மகமை போட முதலில் சரக்கு வேண்டும். மாட்டு வண்டியும் பேட்டையும் வேண்டும். நம்மிடம் இருந்த ஒரே சரக்கு உழைப்பு, அதுவும் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது.

*

1890களில் வெள்ளைக்கார அரசு கிராமக் கடனைப் பற்றி யோசித்தது. சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு வந்து நீண்ட அறிக்கை எழுதினார். ஜெர்மனியின் ரைபைசன் சங்கங்களைப் போல இங்கும் வேண்டும் என்றார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சங்கங்களின் அடிப்படை அழகானது: சொத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒருவருடைய நடத்தையே ஈடு. ஒரே ஊரில் வாழ்பவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், அதனால் யாருக்குக் கொடுக்கலாம் என்று அவர்களுக்கே தெரியும்.

ஜெர்மன் கிராமத்தில் இது சரியாக இருந்திருக்கலாம். ஊர் வேறு, சேரி வேறு என்று இருக்கும் இடத்தில் "ஒருவரையொருவர் அறிவார்கள்" என்றால் என்ன பொருள்? சங்கத்தின் பஞ்சாயத்தார் நம்மை அறிந்திருந்தது பண்ணையாளாக. அவர்களிடம் கடன் வாங்கிய ஆளுக்குச் சங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தால் நாளை களத்துக்கு யார் வருவார்? 1919க்குப் பின் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காகத் தொழிலாளர் துறை ஏற்பட்டு, தனிக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் வீட்டு மனைக்குத் தவணையில் பணம் வசூலிக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டிவந்ததற்குக் காரணம் இதுதான். தமிழகத்தில் தலித் மக்களுக்கான வீட்டுக் கடனின் முதல் வடிவம் அந்தத் தவணைதான் என்று கருதுகிறோம். நிலவுடைமையாளர்கள் அதை எதிர்த்தார்கள். மனை சொந்தமானால் ஆள் சொந்தமில்லை என்பதை நம்மைவிட அவர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

1938இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. விவசாயி என்றால் நிலத்தில் ஏதாவது உரிமை இருக்க வேண்டும். நிலத்தில் உழைப்பு மட்டுமே இருந்தவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. விடுதலைக்குப் பிறகு ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு 1951-52 நிலவரத்தைச் சொன்னது: கிராமத்துக் கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 விழுக்காடு, வணிக வங்கிகளின் பங்கு 0.9 விழுக்காடு. மிச்சத்தில் பெரும்பகுதி வட்டிக்காரரிடம். நாடு முழுவதற்கும் இந்த நிலை என்றால் நம் தெருக்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

1957 முதுகுளத்தூர்க் கலவரத்தில் இந்தப் பகுதியைச் சுற்றி எரிந்த வீடுகளையும் கடன் வரலாற்றில் சேர்க்க வேண்டும். எரிந்தவை பெரும்பாலும் நம் வீடுகள். மறுபடி கட்டக் கடன் யார் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

*

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1972இல் 4 விழுக்காடு வட்டியில் கடன் தரும் திட்டம் வந்தது. அந்தத் தொகையில் 40 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு என்று விதி. 1974இல் தாட்கோ. அது தொடங்கப்பட்டபோது முதல் வேலை, தீப்பிடிக்காத வீடுகளைக் கட்டுவது. பெயரிலேயே வீட்டு வசதி இருக்கிறது. இன்று தாட்கோ என்றால் ஆட்டோவும் கறவை மாடும்தான் நினைவுக்கு வருகின்றன.

அந்தக் காலத்துக் கடன்களைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். மாட்டுக் கடன் வாங்கிய பலர் திருப்பிக் கட்டவில்லை, உண்மை. மாடு இறந்தது, மானியத்தில் தரகருக்குப் பங்கு போனது, "அரசாங்கப் பணம், தள்ளுபடி ஆகிவிடும்" என்று கட்சிக்காரர்களே சொன்னார்கள். 1990இல் 10,000 ரூபாய் வரையிலான கிராமக் கடன்கள் தள்ளுபடியும் ஆயின. ஆனால் அதே குடும்பம் அதே ஆண்டுகளில் தண்டல்காரருக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை. 10,000 ரூபாய் எழுதிக்கொண்டு பிடித்தம் போக 8,500 கையில் கொடுப்பார். தினம் 100 வீதம் 100 நாள். மாதம் பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120 விழுக்காடு. அதையும் கட்டினார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் மாநிலச் சட்டம் வந்த பிறகும் கட்டினார்கள். இவ்வளவு கட்டியவர்களைக் "கடனைத் திருப்பாதவர்கள்" என்று ஒரு வங்கிப் பேரேடு சொல்கிறதென்றால், அந்தப் பேரேடு பாதியை மட்டும் பார்க்கிறது.

பிறகு பெண்களின் காலம் வந்தது. 1992இல் நபார்டு சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கத் தொடங்கியது. நம் தாய்மார்கள் முதன்முறையாக வங்கிக் கிளைக்குள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அதைச் சிறியதாக நினைக்கக் கூடாது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நுண்கடன் நிறுவனங்கள் தெருவுக்குள் வந்தன. வாரம் ஒருநாள் காலையில் மையக் கூட்டம், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். 2016 பணமதிப்பிழப்பு, 2020 ஊரடங்கு என இரண்டு அடிகளில் பல தவணைகள் நின்றன. இந்த முறை ஊர் வாய்க்குள் மட்டும் பேச்சு நிற்கவில்லை. ஒவ்வொரு தவணையும் ஒரு கணினிக்குப் போய்க்கொண்டிருந்தது.

*

அந்தக் கணினியின் பிறப்பு இந்தியாவில் 2000. சிபில் அந்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2005இல் வந்தது. இன்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஆனால் யோசனை பழையது. 1841இல் நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் என்ற வணிகர் கடன் தகவல் நிலையம் ஒன்றைத் திறந்தார். ஊர் ஊராக ஆள் வைத்து, எந்த வியாபாரி குடிப்பார், எவர் மனைவி சொத்துக்காரி என்று கடிதம் வாங்கிப் பேரேட்டில் எழுதினார். இதே டாப்பன் தீவிரமான அடிமை ஒழிப்பாளர்; அமிஸ்டாட் கப்பலில் கலகம் செய்த ஆப்பிரிக்கர்களின் வழக்குக்குப் பின்னால் நின்றவர். அடிமை முறையை எதிர்த்தவரே அடுத்தவர் நாணயத்தைப் பட்டியலிடும் தொழிலையும் தொடங்கினார் என்பது விசித்திரம்தான்.

1930களில் அமெரிக்க அரசின் வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு நிறத்தில் அபாயம் என்று குறிக்கப்பட்டன. அங்கே வீட்டுக் கடன் கிடைப்பது அரிதானது. 1974இல் கடனில் சம வாய்ப்புச் சட்டம் வந்தது. 1989இல் மூன்று இலக்க ஃபைகோ மதிப்பெண் பரவலானபோது, மேலாளரின் முகத்தைவிட எண் நியாயமானது என்று வாதிடப்பட்டது. அந்த வாதத்தை நாம் முழுதாகத் தள்ளிவிட முடியாது. 300 முதல் 900 வரையிலான சிபில் அளவுகோலில் "எந்தத் தெரு" என்ற கட்டம் இல்லை. மருமகன் கதை சொல்லும் வீட்டுக்காரரைவிட 612 நேர்மையானது. குறைந்தபட்சம் அதனோடு சண்டை போடலாம்.

ஆனால் அது தண்டலைப் பார்க்காது, வாடகையைப் பார்க்காது, கைமாற்றைப் பார்க்காது. நம் பாட்டிக்கு அறிக்கை எடுத்தால் மதிப்பெண் இருக்கும் இடத்தில் -1 என்று வரும். வரலாறே இல்லாதவர் என்று பொருள். அறுபது ஆண்டுகள் வட்டி கட்டியவருக்கு வரலாறு இல்லை.

*

தோழரின் அறிக்கையை எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பிரித்தோம். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு நிறுவனமும் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. 612க்குள் மூன்று கதைகள் இருந்தன.

முதலாவது கல்விக் கடன். படிப்பு முடிந்து வேலை கிடைக்காத இரண்டு ஆண்டுகளில் தவணை நின்றிருந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம். ஒழுங்காகக் கட்டினால் 000, முப்பது நாள் தாமதம் என்றால் 030. அவருடைய கட்டங்களில் எண்கள் ஏறிக்கொண்டே போய், கடைசியில் 'செட்டில்டு' என்று முடிந்திருந்தது. வங்கி முகாமில் குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ளச் சொன்னார்கள், முடித்தார். அந்தச் சொல் 'முழுதும் கட்டப்பட்டது' என்பதற்குச் சமமில்லை என்று யாரும் சொல்லவில்லை. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கல்விக் கடனில் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்ட அப்பாவின் அறிக்கையிலும் அதே கறை இருக்கும்.

இரண்டாவது, அடைத்து முடித்த இருசக்கர வாகனக் கடன் இன்னும் பாக்கி என்று காட்டியது. மூன்றாவது, ஒரே மாதத்தில் ஐந்து இடங்களில் கடன் கேட்டதற்கான தடங்கள். பதற்றத்தில் செய்தது. ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு விசாரணையாகப் பதிவாகி, "இவருக்குப் பணமுடை" என்று அடுத்த வங்கிக்குச் சொல்லிவிடுகிறது.

வாகனக் கடனுக்கு நிறுவனத்திடமிருந்து நிலுவையில்லாச் சான்று வாங்கி, கடன் தகவல் நிறுவனத்தில் முறையீடு போட்டோம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் அறிவித்து, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி இருக்கிறது. விதியின் பெயரைக் கடிதத்தில் எழுதியதுமே வேலை நடந்தது. நடக்காவிட்டால் 14448 எண்ணில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் முறைக்குப் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. "சிபிலை ஏற்றித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் தரகர்கள் அருப்புக்கோட்டையிலும் முளைத்துவிட்டார்கள். அவர்கள் செய்வதெல்லாம் நாம் இலவசமாகச் செய்யக்கூடிய இதே முறையீடுதான். தவறான பதிவைத் திருத்தலாம். உண்மையான தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது. அதன்மீது புதிய 000களை அடுக்கத்தான் முடியும்.

கல்விக் கடனில் தள்ளுபடியான மிச்சத்தைக் கட்டினார். கடினமாக இருந்தது, முப்பதாயிரத்துச் சொச்சம். ஆனால் 'செட்டில்டு' போய் 'க்ளோஸ்டு' என்று மாறியது. சிறு வைப்புத்தொகையின் பேரில் ஒரு கடன் அட்டை வாங்கி, வரம்பில் 30 விழுக்காட்டுக்கு மேல் தொடாமல், தேதி தவறாமல் முழுதும் கட்டிவந்தார். அட்டை ஆபத்தானதுதான். பாக்கி வைத்தால் அது தண்டலைவிட நாகரிகமான தண்டல், அவ்வளவே. மனைவியின் நகைக் கடன் ஏலத்துக்குப் போகாமல் மீட்கப்பட்டது. அவரையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்ப்பதாகத் திட்டம். பதினோரு மாதம் எந்த வங்கியிலும் விண்ணப்பிக்கவில்லை.

எந்தக் கடனும் வாங்காத தம்பி தங்கைகளுக்கு ஒன்று: முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2025 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. குறைந்தபட்ச மதிப்பெண் என்று எதையும் ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. 750 என்பது வங்கிகள் தாங்களே போட்டுக்கொண்ட கோடு. மேலாளர் வாயால் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

பன்னிரண்டாம் மாதம் தோழரின் மதிப்பெண் 748. வேறொரு வங்கிக்குப் போனோம். மேலாளர் எழுந்து கைகொடுத்தார். பிறகு, எங்கே கட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். மனை காலனியில் இருக்கிறது. அவருடைய பாட்டி பெயரில் ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டா. மூலப்பத்திரம் கிடையாது, வில்லங்கச் சான்றில் காட்ட எந்தக் கிரயமும் கிடையாது, விற்கக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் பட்டாவில் இருக்கிறது. விற்க முடியாத மனையை வங்கி எப்படி அடமானம் எடுக்கும்? அந்த நிபந்தனை நம்மிடமிருந்து மனையைப் பிடுங்கக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்டது. 1892இல் பஞ்சமி நிலத்துக்கு விதிக்கப்பட்ட அதே பாதுகாப்பின் பேரன் அது. அதை எடுத்துவிடச் சொல்லி நாங்கள் கேட்க மாட்டோம். ஆனால் அதை வைத்துக்கொண்டே நம் மக்களுக்குக் கடன் தர அரசே உத்தரவாதம் நிற்கலாம். தாட்கோவின் பெயரில் இன்னும் வீட்டு வசதி என்ற சொல் இருக்கிறது.

பாட்டியின் வாரிசுச் சான்றுக்கும் பட்டா பெயர் மாற்றத்துக்கும் மனு கொடுத்திருக்கிறோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் ரசீது தந்தார்கள். அடுத்த வாரம் போக வேண்டும். 748 இன்னும் 748ஆகவே இருக்கிறது.